கிரெனடாவுக்குப் படிக்க வருகிறீர்களா? பெட்டி கட்டும் முன் இதைப் படியுங்கள்

தம்பி, ஆகஸ்டில் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேரப் போவதாகவும், 23 கிலோ பெட்டி இரண்டுக்குத்தான் அனுமதி என்றும், வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அம்மா போட்ட பட்டியலையும் பார்த்தேன். தெர்மல் உள்ளாடை, கம்பளி, ஐந்து கிலோ மசாலா சாமான். அமெரிக்காவுக்குப் போன சொந்தக்காரப் பிள்ளை யாருக்கோ போட்ட பட்டியல் மாதிரி இருக்கிறது. கிரெனடாவிலேயே குடும்பத்தோடு பல வருஷமாக இருக்கிறவள் என்கிற உரிமையில் அதில் கை வைக்கிறேன், அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் குளிர் சாமானை எல்லாம் வெளியே எடுங்கள். கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவு 12 டிகிரி வடக்கு அட்சரேகையில், ஏறக்குறையப் புதுச்சேரிக்கு நேராக இருக்கிறது. பகலில் 30 டிகிரி, ராத்திரி 24, 25. ஜனவரியானாலும் பெரிய மாற்றம் இருக்காது. வகுப்பறையிலும் நூலகத்திலும் ஏசி மட்டும் குளிரும், அதற்கு முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று போதும்.

இங்கே உங்களுக்குத் தொல்லை தரப் போவது ஈரம். நீங்கள் வரும் நேரம் மழைக்காலத்தின் நடு. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை இழுக்கும். தோல் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் இரண்டு வாரம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், மேலெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருக்கும். பெல்ட், பர்ஸ், கேமரா பை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஜீன்ஸ் துவைத்துப் போட்டால் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டியில் ஈரம் நிற்கும், அப்புறம் வாடை வந்துவிடும். அதனால் மெல்லிய பருத்தி, சீக்கிரம் காயும் துணி, வீட்டுக்கு லுங்கி. ஜீன்ஸ் ஒன்றே ஒன்று. புது மருத்துவ மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் விழாவுக்கும் மற்ற நிகழ்ச்சிகளுக்கும் முழுக்கைச் சட்டை, பேண்ட், டை ஒரு செட் வையுங்கள். மருந்துப் புட்டியிலும் ஷூ பெட்டியிலும் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைக் கொஞ்சம் மொத்தமாகவே வாங்கி வாருங்கள். லேப்டாப் பையில் இரண்டு, துணி அலமாரியில் நாலு, சான்றிதழ் உறையில் ஒன்று போட்டு வைக்கலாம்.

துணியில் இன்னொரு விஷயம். ராணுவ உடை மாதிரிப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் பேண்ட், தொப்பி, பை எதுவும் வேண்டாம். இங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

அடுத்து அந்த ஐந்து கிலோ மசாலா. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மஞ்சள், இஞ்சி எல்லாம் விளைகிற ஊருக்கு வருகிறீர்கள் தம்பி. கொடியிலேயே ஜாதிக்காய் வரைந்திருக்கிற நாடு இது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. அந்த மரம் காய்ப்புக்கு வரப் பல வருஷம் பிடிக்கும் என்பதால் விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸ் சந்தையில் சனிக்கிழமை போனால் நல்ல சரக்காகக் கிடைக்கும். அங்கேயே வாங்குங்கள், அவர்களுக்கும் நாலு காசு போய்ச் சேரட்டும். சேப்பங்கிழங்கு இலையைக் கலலூ என்பார்கள், பருப்போடு சேர்த்து நம் கீரை மாதிரியே கடையலாம். சீமைப்பலா, வாழைக்காய், பூசணி, வெண்டை, தேங்காய், புளி இவையும் உண்டு. 1857-இலிருந்து இந்தியத் தொழிலாளர்கள் இங்கே வந்து குடியேறியதால் ரொட்டிக்குள் கறி வைத்துச் சுருட்டித் தரும் கடையும், கறி மசாலாத் தூளும், பட்டாணிப் பருப்பும் எங்கேயும் இருக்கும்.

கிடைக்காதது நம் கைப்பக்குவம்தான். சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கூட்டுப் பெருங்காயம், புளிக்காய்ச்சல். மசாலா சாமானுக்கு ஒதுக்கிய எடையை இவற்றுக்குக் கொடுங்கள். கடையில் விற்கிற மாதிரிக் காற்றுப் புகாத உறையில் அடைத்து, மேலே ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் ஊறுகாய் வேண்டாம், கசிந்தால் பெட்டி முழுக்க நாசம்.

அரிசியும் பச்சைக் கறிவேப்பிலையும் கண்டிப்பாகக் கூடாது. இந்தியாவிலிருந்து இங்கே நேர் விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாக வந்தால் அங்கே முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, திரும்பப் போட வேண்டும். தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு வந்துவிடும் என்ற பயத்தால் பயணிகள் கொண்டுவரும் இந்திய அரிசியை அங்கே விடமாட்டார்கள். எலுமிச்சை இனத்தைக் கெடுக்கும் பூச்சி ஒட்டியிருக்கும் என்பதால் கறிவேப்பிலைக்கும் தடை. கிரெனடாவும் இதில் பட்டு அறிந்த நாடுதான். செம்பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி 1994-இல் இங்கே தலைகாட்டி, அப்புறம் கரீபியன் தீவுகள் பலவற்றிலும் பயிர்களையும் மரங்களையும் பாழாக்கியது. அதனால் விதை, செடி, மண் ஒட்டிய எதுவும் வேண்டாம். அப்படியே, அமெரிக்கா வழியாக வருவதானால் டிரான்சிட் விசா வேண்டும், லண்டன் வழி என்றால் விதிமுறை வேறு. டிக்கெட் போடும் முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள், விசா நேர்காணல் தேதி கிடைக்க நாளாகும்.

குக்கர் எடுத்து வாருங்கள். மூன்று லிட்டர் போதும், கேஸ்கெட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் உபரியாக. (விடுதி அறையில் சமைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.) மிக்ஸியும் வரலாம். இங்கே மின்சாரம் நம்மூர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் வேறு, பிரிட்டிஷ்காரர்களின் மூன்று தட்டைக்கால் பிளக். அந்த அடாப்டரை மூன்று நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும் அமெரிக்க மாணவர்கள் ரைஸ் குக்கர், மின்விசிறி என்று மலிவாக விற்பார்கள். வாங்கும் முன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 110 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம், இங்கத்த 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும்.

மருந்து விஷயத்தில் சோம்பல் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் சில மாதங்களுக்கானதை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்து வாருங்கள். சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். குரோசின் என்று இங்கே கேட்டால் யாருக்கும் தெரியாது, பாராசிட்டமால் என்றால் புரியும். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். கண்ணாடி போடுகிறவர் என்றால் உபரியாக ஒரு ஜோடி அவசியம். டெங்கு இங்கேயும் வரும், அதனால் ஓடோமாஸும் மடக்குக் கொசுவலையும் வையுங்கள். மாலை நேரம் கடற்கரையில் கண்ணுக்கே தெரியாத மணல் ஈ கடிக்கும், அதற்கும் ஓடோமாஸ் தடவிக்கொள்ளலாம்.

புயலைப் பற்றி அப்பா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பயம் நியாயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். கிரெனடா தெற்கே ஒதுங்கி இருப்பதால் பல புயல்கள் வடக்கே போய்விடும், ஆனால் எல்லாம் அப்படிப் போவதில்லை. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் பக்கத்துத் தீவான கரியாகூவைத் துடைத்துப் போட்டுவிட்டது. நெற்றியில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், தண்ணீர் புகாத ஜிப் உறை மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் பல்கலைக்கழகம் சொல்வதை அப்படியே கேளுங்கள், கடல் பார்க்கப் போகாதீர்கள்.

காகிதங்களில் பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள். காலாவதியாகச் சில வருஷம்தான் பாக்கி என்றால் ஊரிலேயே புதுப்பித்துவிட்டு வாருங்கள். கிரெனடாவைக் கவனிக்கும் இந்தியத் தூதரகம் ட்ரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருக்கிறது. இங்கிருந்து அந்த வேலை பார்ப்பது பரீட்சை நேரத்தில் பெரிய அலைச்சல். மூலச் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் சான்றொப்பம் வாங்க முடியாமல் போகலாம்.

பணத்துக்கு அமெரிக்க டாலர் சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976-இலிருந்து நிலையாக வைத்திருக்கிறார்கள். கடையில் அமெரிக்க டாலரும் வாங்குவார்கள், மீதி உள்ளூர்ப் பணமாக வரும். மினிபஸ்ஸுக்கு அந்தச் சில்லறை உதவும். பஸ்ஸில் ஏறும்போதும் கடைக்குள் நுழையும்போதும் 'குட் மார்னிங்' சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. சொல்லாவிட்டால் மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைப்பார்கள்.

கடைசியாகக் கைப்பெட்டி. இத்தனை விமானம் மாறி வரும்போது பெரிய பெட்டி ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வருவதுண்டு. மாற்று உடை இரண்டு, மருந்து, சான்றிதழ், லேப்டாப், அடாப்டர் ஒன்று, ஒரு இட்லிப் பொடிப் பொட்டலம் இவை உங்கள் கையோடு இருக்கட்டும். பவர் பேங்க் எப்படியும் கைப்பெட்டியில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். டிக்கெட் எந்த வழி என்று முடிவானதும் எழுதுங்கள், அந்த வழியில் வந்த பிள்ளைகளிடம் பெட்டி எடை எப்படி என்று கேட்டுச் சொல்கிறேன்.