பழைய கைக்கடிகாரம் அசல்தானா?

கேள்வி: பாலக்காட்டில் ஒருவர், டயலில் ‘ட்வின் பவர்’ என்றும் அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்றும் எழுதிய பழைய ஃபேவர் லூபா கைக்கடிகாரத்தை விற்கிறார். புதியதுபோல மின்னுகிறது, முட்கள் இருட்டில் விடியும்வரை ஒளிர்கின்றன. நம்பி வாங்கலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தாங்கள் சிறப்பாகக் கருதும் அந்த ஒளியே என் முதல் ஐயம். ‘டி’ (T) என்னும் எழுத்து, டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்து, அதன் கதிரியக்கத்தால் ஒளிரும் பூச்சைக் குறிப்பது. அதன் கதிரியக்கம் 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பாதியாகிவிடுவதால், ஐம்பது ஆண்டுகளில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். ஆகவே இரவு முழுதும் பிரகாசிக்கும் முட்கள் பின்னாளில் மறுபூச்சுப் பெற்றவையாகவோ மாற்றப்பட்டவையாகவோ இருக்க வேண்டும்.

அடுத்து, டயலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எழுத்துகளின் விளிம்பு தடித்தோ கசிந்தோ இருந்தாலும், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக அமையாவிட்டாலும், டயல் மறுபடி வண்ணம் பூசப்பட்டதே. நம் ஊர்ச் சந்தைகளில் இத்தகையவை மிகுதி. பளபளப்பைக் கண்டு மயங்குவோரும் மிகுதி.

பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். ‘ட்வின் பவர்’ என்பது கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில் அடங்கிய பெட்டிகள் இரண்டு கொண்ட இயந்திரத்தைச் சுட்டுவதால், உள்ளே ஒன்றே இருந்தால் டயலும் இயந்திரமும் வெவ்வேறு கடிகாரங்களுடையவை. இயந்திரத்தில் நிறுவனப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். கண்ணாடி, சாவித்திருகு, வார் ஆகியவை மாறியிருப்பது இயல்பு. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இயந்திரம் அசலாகவும் டயல் மட்டும் புதுப்பிக்கப்பட்டும் இருந்தால், அணிவதற்கான கடிகாரத்தின் விலையைத் தரலாமே தவிர, சேகரிப்பாளர் தரும் விலையைத் தர வேண்டாம்.