பில் மென்பொருளில் வழு: முதலில் இலக்கத்தைக் கேளுங்கள்

கேள்வி: திருகோணமலை மத்திய வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் மென்பொருளை ஒரு ஏஜென்ட் மூலம் வாங்கினோம். சாமான் திரும்பி வரும் நாட்களில், சில வேளைகளில், இரவுக் கணக்கும் லாச்சிக் காசும் ஒத்துவருவதில்லை. ஏஜென்ட்டைக் கேட்டால் “கொம்பனிக்குச் சொல்லிவிட்டேன்” என்கிறார். ஒருமுறை வந்து சரிசெய்து காசும் வாங்கிப் போனார். மறுபடியும் அதே பிழை. என் முறைப்பாடு உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா?

பதில்: முறைப்பாட்டைப் பதிந்ததற்கான இலக்கம் கையில் இல்லையென்றால் போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக மென்பொருள் செய்யும் எந்தக் கொம்பனியும் ஒவ்வொரு வழுவையும் தனி இலக்கத்தோடு ஒரு பதிவேட்டில் ஏற்றும். ஜிரா, பக்சில்லா எல்லாம் அந்தப் பதிவேட்டுக்கான மென்பொருள்கள்தான். யார் அறிவித்தது, எந்தப் பதிப்பில் வந்தது, யார் திருத்துகிறார், இப்போது எந்த நிலை என்பதெல்லாம் அந்த இலக்கத்தின் கீழ் இருக்கும். தொலைபேசியில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவும், யாராவது அதில் எழுதும்வரை கணக்கில் இல்லை.

உங்களுக்குத் தருவது பெரும்பாலும் வாடிக்கையாளர் சேவையின் முறைப்பாட்டு இலக்கமாகத்தான் இருக்கும். நிரல் எழுதுபவர்களின் வழு இலக்கம் வேறு. முதலாவதை “தீர்ந்தது” என்று மூடிவிட்டு இரண்டாவதைத் திறக்காமலே விடுகிற கொம்பனிகள் உண்டு. காசு கொடுத்து வாங்கியவரை இப்படி அலைக்கழிப்பது நியாயமே இல்லை. இரண்டு இலக்கங்களையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, “சில வேளைகளில்” என்ற சொல்லோடு போகும் முறைப்பாடு உருப்படாது. திருத்துபவர் தன் கணினியில் அந்தப் பிழையை வரவழைத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் மூடிவிடுவார். பக்சில்லாவில் “எனக்கு வேலை செய்கிறது” என்றே அதற்கொரு முடிவு இருக்கிறது. ஆகவே கணக்கு ஒத்துவராத நாட்களின் திருப்பல் பில்களை எடுத்து, மூலப் பில்களோடு வைத்துப் பாருங்கள். மூலப் பில்லில் மொத்தத் தொகைக்குக் கழிவு கொடுத்திருக்கிறீர்களா? நான் சந்தேகப்படுவது அதைத்தான். 4,000 ரூபா பில்லுக்கு 10 வீதம் கழித்து 3,600 வாங்குகிறீர்கள். அதில் 1,000 ரூபா சாமான் ஒன்று திரும்பி வருகிறது. காசாளர் சரியாக 900 கொடுக்கிறார். மென்பொருளோ கழிவை மறந்து 1,000 என்று பதிகிறது. லாச்சியில் 100 ரூபா கூடுதலாக நிற்கும். சாமான் வாரியாகக் கழிவு போட்ட பில்களில் பிழை வரவில்லையென்றால், வழு எங்கே என்று ஏறக்குறையக் காட்டிவிட்டீர்கள்.

இதை அப்படியே படிப்படியாக எழுதுங்கள்: எந்தப் பில், எந்தப் பொத்தான், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. மென்பொருளின் பதிப்பு இலக்கத்தையும் (உதவிப் பக்கத்தில் இருக்கும்), திகதி நேரத்தையும், திரையின் படத்தையும் சேருங்கள். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறதே என்று ஏஜென்ட்டிடம் விட்டுவிடாதீர்கள். படங்களும் எண்களும் இருந்தால் தமிழில் எழுதினாலும் விளங்கும். ஒரு முறைப்பாட்டில் ஒரு வழு மட்டும். பிரிண்டரில் தமிழ் எழுத்து கேள்விக்குறியாக வருவதையும் இதோடு சேர்த்தால் இரண்டும் கிடப்பில் போகும்.

அதன்பின் கொம்பனிக்குள் வழு உறுதியாகும், பாரதூரமும் முன்னுரிமையும் குறிக்கப்படும், ஒருவரிடம் ஒப்படைக்கப்படும், திருத்தப்படும், இன்னொருவர் சோதிப்பார், புதிய பதிப்பில் வெளிவரும். வழுவைத் தவிர்த்து வேலையை முடிக்க மாற்றுவழி இருக்கிறது என்று தெரிந்தால் முன்னுரிமை குறையும். காசுக் கணக்கு பிழைக்கிறது, மாற்றுவழி இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இனி அந்த ஏஜென்ட் வந்து “சரிசெய்த” விடயம். பலர் செய்வது இதுதான்: தூரத்திலிருந்தோ நேரிலோ உங்கள் கணினிக்குள் புகுந்து, தரவுத்தளத்தில் பிழையான தொகையைக் கையால் மாற்றிவிடுவார்கள். அன்றிரவு கணக்கு ஒத்துவரும். வழு அப்படியே இருக்கும். கொம்பனி தேடிப் பார்க்க வேண்டிய சான்றோ அழிந்துவிடும். உங்கள் விற்பனைப் பதிவை ஒருவர் தடயமில்லாமல் மாற்றினார் என்பது வரிக் கணக்கிலும் உங்கள் தலையில்தான் வந்து விழும். “போர்மட் பண்ணிப் போடுவோம்” என்பதும் இதே வகை. யாரையும் தொடவிடுமுன் தரவின் பிரதியொன்றைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். தூர இணைப்புக்கான கடவுச்சொல்லை நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். அவர் போனதும் பதிப்பு இலக்கத்தைப் பாருங்கள். அது மாறவேயில்லை என்றால் பெரும்பாலும் மென்பொருளில் எதுவும் திருந்தவில்லை. வழு திருத்தக் காசு கேட்டால், ஒப்பந்தத்தில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

திருத்தம் வந்த பிறகும் பிழை தொடர்ந்தால், பழைய இலக்கமா புதியதா? முதலில், திருத்தம் எந்தப் பதிப்பில் வந்தது என்று கேட்டு, உங்கள் கணினியில் உள்ளது அதுவா என்று பாருங்கள். இரண்டு கணினிகள் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். ஒன்றில் பழையது கிடந்தால் பிழை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும், அப்படியானால் முறைப்பாடே தேவையில்லை. இரண்டிலும் புதியது இருந்து, அதே படிகளில் அதே பிழை வந்தால், பழைய இலக்கத்தையே மீளத் திறக்கச் சொல்லுங்கள். அதில்தான் முழு வரலாறும் இருக்கிறது. புதிய இலக்கம் எடுத்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். ஆனால் விளைவு ஒன்றாக இருந்தும் படிகள் வேறாக இருந்தால், உதாரணமாக இப்போது மறுநாள் வந்த திருப்பலில் மட்டும் 100 ரூபா வித்தியாசம் என்றால், அது வேறு வழுவாக இருக்கக்கூடும். அதற்குப் புதிய இலக்கம் எடுத்து, பழைய இலக்கத்தை அதில் குறிப்பிடுங்கள்.

நாளைக் காலை ஏஜென்ட்டை அழைக்க வேண்டாம். திருப்பல் பில்களை எடுத்துப் பார்த்துவிட்டு, கொம்பனிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்ட்டுக்குப் பிரதி போதும்.