முதலுதவியை வீடியோ கேம் சொல்லித் தருமா? கேள்வி பதில்

முதலுதவிப் பயிற்சி கொடுப்பவன் என்பதால் கேம் பற்றியும் என்னிடம் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: கேமில் கற்றதை வைத்து யாராவது நிஜமாகவே உதவியிருக்கிறார்களா?

உதவியிருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நெடுஞ்சாலையில் ஒரு வண்டி உருண்டது. அந்த வழியாக வந்த ஒருவர், உள்ளே இருந்தவர்களை வெளியே இழுத்து, கையில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தவருக்குத் துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்கச் செய்தார். மருத்துவம் படித்தவர் இல்லை. அமெரிக்க ராணுவம் 2002-ல் இலவசமாக வெளியிட்ட ‘அமெரிக்காஸ் ஆர்மி’ கேமில் கற்றது என்றார். அந்த கேமில் மெடிக், அதாவது காயப்பட்டவர்களுக்கு முதலுதவி செய்யும் வீரர், ஆக வேண்டுமென்றால் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுத் தேர்வில் தேற வேண்டும். சுட்டு விளையாடியதால் வந்த அறிவு இல்லை, கொட்டாவி வரவைக்கும் அந்தப் பாடம்தான் கைகொடுத்தது.

கேள்வி: என் பையன் விளையாடும் கேமில் ஒரு ஊசி போட்டால் செத்தவன் எழுந்து ஓடுகிறான். இதில் ஏதாவது கற்க முடியுமா?

முடியாது. இதைவிட மோசம், இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுத்து எழுப்புவது. இதயம் தாறுமாறாகத் துடித்து நடுங்கும்போதுதான் ஷாக் பலன் தரும். துடிப்பே நின்று நேர்கோடாகிவிட்டால் ஏஇடி, அதாவது துடிப்பைத் தானே கண்டறிந்து ஷாக் கொடுக்கும் கருவி, ஷாக் கொடுக்காது, நெஞ்சை அழுத்தச் சொல்லும்.

கேள்வி: அப்படியானால் எதை விளையாடலாம்?

நின்ற இதயத்தை மீட்கும் முதலுதவிக்கான பிரிட்டன் அமைப்பு ரீசசிடேஷன் கவுன்சில், 2013-ல் வெளியிட்ட ‘லைஃப்சேவர்’. நடிகர்களை வைத்து எடுத்த படம். நடுநடுவே நின்று, அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கும். யோசிக்க நேரம் குறைவு, தப்பாகத் தொட்டால் அதற்கான விளைவையும் பார்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் கட்டத்தில் போனை மேலும் கீழும் சரியான வேகத்தில் ஆட்ட வேண்டும். அதில் அவசர எண் 999 என்று வரும், தமிழ்நாட்டில் நமக்கு 108.

கேள்வி: அதை முடித்துவிட்டால் வகுப்புக்கு வர வேண்டாமா?

வந்துதான் ஆக வேண்டும். வேகம், அதாவது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, போனில் பழகிவிடும். ஆழம் பழகாது. பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல் நெஞ்சு அமுங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. கேமில் முழு மதிப்பெண் எடுத்த ஒரு கல்லூரிப் பையன் என் வகுப்பில் முழங்கையை மடக்கிக்கொண்டு பயிற்சிப் பொம்மையைத் தடவிக்கொடுத்தான். கையை நேராக வைத்து உடம்பின் எடையை இறக்கச் சொன்னதும், இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிட்டான். ஆனால் ஒன்று, வரிசை அவனுக்குத் தெரிந்திருந்தது. தட்டிப் பார்த்தான், மூச்சைக் கவனித்தான், போன் செய்யச் சொன்னான். மற்றவர்கள் அதற்குள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கேள்வி: வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? தயக்கமாக இருக்கிறது.

பயிற்சி இல்லையென்றால் விடுங்கள், பெரியவர்களுக்கு அழுத்துவது மட்டும் போதும். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சாலையில் உதவப் போய் கேஸில் மாட்டிக்கொண்டால்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. விளையாட விடலாமா?

அவளால் பெரியவர் நெஞ்சை அந்த ஆழத்துக்கு அழுத்த முடியாது. முதலில் 108-க்கு அழைப்பதை நடித்து விளையாடுங்கள். தெருப் பெயரும் பக்கத்துக் கோயிலோ கடையோ ஏதாவது அடையாளமும் சொல்லத் தெரிகிறதா, பூட்டிய போனில் அவசர அழைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா, பாருங்கள்.