கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உள்ளே தங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 28. நான்கு மாதமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். முன்பெல்லாம் மாதவிடாய் ஐந்து நாள் இருக்கும், ரத்தப்போக்கும் அதிகம். இப்போது இரண்டே நாளில் நின்றுவிடுகிறது. இந்த மாதம் பழுப்பு நிறத்தில் லேசாகக் கறை பட்டதோடு சரி. மூன்றாவது அட்டையில் ஓர் இரவு மறந்துபோய், மறுநாள் காலையில் போட்டுக்கொண்டேன். வர வேண்டிய ரத்தம் உள்ளேயே தங்கிவிடுகிறதா? பின்னால் குழந்தை உண்டாவதில் சிக்கல் வருமா?

பதில்: ரத்தம் எதுவும் உள்ளே தங்கவில்லை. அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். வெளியே வருவதற்கு உள்ளே அதிகம் உருவாகவே இல்லை, அதனால்தான் குறைவாக வருகிறது.

மாத்திரை சாப்பிடாத மாதத்தில், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தூண்டிவிட, சினைப்பையிலிருந்து ஒரு முட்டை முதிர்ந்து வெளியேறும். கரு வந்து தங்குவதற்காகக் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். பலருக்கு அது பத்து மில்லிமீட்டரையும் தாண்டும். கரு உண்டாகவில்லை என்றால் ஹார்மோன் அளவு சட்டென்று இறங்கி, அந்தச் சவ்வு உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. மாதவிடாய் என்பது இதுதான்.

பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் சேர்ந்திருக்கும். இவை தினமும் ஒரே அளவில் உடலுக்குள் போவதால் பிட்யூட்டரி அடங்கிவிடுகிறது. முட்டை வெளிவருவதில்லை, உட்சவ்வும் தடிப்பதில்லை. வயிற்றுவலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் அந்தச் சவ்வில்தான் உருவாகின்றன என்பதால், பலருக்கு வலியும் குறைந்திருக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது பெரிய நன்மை.

உங்கள் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். 28 மாத்திரை உள்ள அட்டை என்றால் கடைசியில் சில மாத்திரைகள், பெரும்பாலும் ஏழு, வேறு நிறத்தில் இருக்கும். அவற்றில் ஹார்மோன் கிடையாது. அந்த நாட்களில் ஹார்மோன் நின்றுபோவதால்தான் உங்களுக்கு ரத்தம் படுகிறது. பார்ப்பதற்கு மாதவிடாய் போல இருந்தாலும், முட்டை வெளிவந்து முடிந்த மாதத்தின் உதிரப்போக்கு அல்ல அது. மெலிந்த சவ்வு கொஞ்சம்தான் உதிரும். மெதுவாக வெளியேறும் ரத்தம் வழியிலேயே பழுப்பாகிவிடும். நீங்கள் பார்த்த கறை அதுதான்.

என்னிடம் வந்த ஒரு பெண் இதே பயத்தில் அட்டையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் ரத்தம் பட்டதும், தேங்கியிருந்ததெல்லாம் வந்துவிட்டது என்று நிம்மதியோடு சொன்னார். ஹார்மோன் திடீரென்று நின்றதால் வந்த ரத்தம் அது, அவ்வளவுதான். இப்படிப் பாதியில் நிறுத்தினால் கருத்தரிக்கும் வாய்ப்பு வந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், அந்த மறந்துபோன மாத்திரை. ஒன்றை மட்டும் மறந்து, நினைவு வந்ததும் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு போய்விடாது. இடையில் திட்டுத்திட்டாகக் கறை படலாம். மறக்காதவர்களுக்குக்கூட முதல் மூன்று மாதம் அப்படி ஆவது உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே போட்டுக்கொண்டு, அடுத்த ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்துங்கள். விட்டுப்போனது மூன்றாவது வாரத்தில் என்றால் ஹார்மோன் இல்லாத மாத்திரைகளைத் தவிர்த்து, நேராக அடுத்த அட்டைக்குப் போய்விட வேண்டும். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உங்கள் விஷயத்தில் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மனம் ஆறவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் கறையே படாவிட்டாலும் செய்து பாருங்கள். மூன்று மாதம் தாண்டியும் இடையில் ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தாலோ, உடலுறவுக்குப் பின் பட்டாலோ நேரில் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண் மறைத்துக்கொண்டு வரும் கடும் தலைவலி இவற்றில் எது வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். அரிதுதான் என்றாலும் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம்.

இந்த மாத்திரையால் குழந்தைப்பேறு தடைபடாது. நிறுத்திய பின் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் பழைய சுழற்சி திரும்பிவிடும். சிலருக்கு நிறுத்திய முதல் மாதமே கரு தங்கிவிடுகிறது. மூன்று மாதமாகியும் மாதவிடாய் வரவில்லை என்றால், அப்போது வாருங்கள், காரணத்தைத் தேடிப் பார்ப்போம்.