ஒளிவாளின் ரீங்காரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பது வயதில் மாமாவுடன் சென்று 'ஸ்டார் வார்ஸ்' பார்த்தேன். அன்றுமுதல் அந்தப் படவரிசை என்னை விட்டதில்லை. பின்னர் இயற்பியல் படித்து இன்று அதையே கற்பிக்கிறேன். வெற்றிடத்தில் ஒலி பரவாது என்று பகலில் பாடம் நடத்திவிட்டு, இரவில் அந்த விண்கலங்களின் உறுமலை மெய்மறந்து கேட்கிறேன். அறிந்தபின்னும் அகலாத இந்தப் பற்று, வளராமல் நின்றுவிட்ட மனத்தின் அடையாளம்தானா?

ர.

அன்புள்ள ர.,

நான் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் கூச்சத்துடன் குறிப்பிடும் அந்த உறுமலையே எடுத்துக்கொள்வோம். 1977இல் வெளிவந்த முதல் படத்துக்கு ஒலி வடிவமைத்த பென் பர்ட், விண்வெளிக் கதை என்றாலே மின்னணு ஓசைகள்தான் என்றிருந்த வழக்கத்தை விட்டு விலகி, பதிவுக்கருவியுடன் நம்மைச் சுற்றியுள்ள உலகின் ஓசைகளைத் தேடிச் சென்றார். டை ஃபைட்டர் எனப்படும் போர் விண்கலங்கள் அலறிப் பாயும்போது நாம் கேட்பது யானையின் பிளிறலும் ஈரச் சாலையில் கார் விரையும் ஓசையும் கலந்த ஒன்று. துப்பாக்கிச் சத்தம், வானொலிக் கோபுரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிந்தது. முகமூடி அணிந்த வில்லன் டார்த் வேடரின் மூச்சோ, முக்குளிப்போரின் சுவாசக் கருவி வழியாக பர்ட் தாமே விட்ட மூச்சு.

படத்தின் வீரர்கள் ஏந்தும், ஒளிக்கற்றையே அலகாகிய ஒளிவாள் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய புரொஜெக்டர் ஒன்றின் மோட்டார் ரீங்காரத்துடன், தொலைக்காட்சியின் படக்குழாய் அருகே மைக் சென்றபோது எழுந்த இரைச்சலைச் சேர்த்து அந்த ஒலியை அவர் உருவாக்கினார். ஆனால் அது ஒரே சுருதியில் நின்ற ஒலி. வாள் சுழல வேண்டுமே! எனவே அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கை வாளைப் போல வீசி வீசி மறுபடியும் பதிந்தார். நெருங்கும்போது சுருதி ஏறி, விலகும்போது இறங்கும் அந்த மாற்றம், நீங்கள் வகுப்பில் விளக்கும் டாப்ளர் விளைவேதான். வெற்றிடத்தின் விதியைப் பொருட்படுத்தாத அதே படம், ஓர் ஒலி நகர்ந்தால் காதில் எப்படி விழும் என்பதில் இயற்பியலுக்கு முழு உண்மையாக இருந்திருக்கிறது.

சிறுவயதில் நானும் குச்சியைச் சுழற்றியபடி வாயால் அந்த ரீங்காரத்தை எழுப்பியவன். வீசும் வேகத்துக்கேற்பக் குரல் தானாக ஏறி இறங்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. விதியின் பெயர் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் செவிகள் அதைச் சரியாகப் பிடித்துவைத்திருந்தன. ஒன்பது வயதில் உங்களை ஆட்கொண்டதும் அத்தகைய கூர்ந்த கவனிப்புதான் என்றே நம்புகிறேன். நீங்கள் இயற்பியலுக்குச் சென்றதில் அதற்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

அடுத்தமுறை டாப்ளர் பாடம் நடத்தும்போது, வழக்கமான ரயில் ஊதலுக்கு முன்பாக அந்த வாளை ஒருமுறை வகுப்பில் ஒலிக்கவிடுங்கள். மாணவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்