1739 எனப்படும் கிரேக்கக் கையெழுத்துப் பிரதி எது? பிற்காலப் பிரதியான அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

அப்போஸ்தலர் நடபடிகளும் நிருபங்களும் அடங்கிய, தோலில் எழுதப்பட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பிரதி இது. 10ஆம் நூற்றாண்டில் எஃப்ரேம் என்ற துறவி எழுதினார். கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையிலுள்ள பெரிய லாவ்ரா மடத்துக்கு உரியது. எழுத்துகள் சிறியவை, ஒன்றோடொன்று சேர்ந்தவை. தோலும் நேரமும் மிச்சமாகும் இந்தக் கையெழுத்து 9ஆம் நூற்றாண்டிலிருந்து பரவியது.

மதிப்புக்குக் காரணம், எதைப் பார்த்து இது எழுதப்பட்டதோ அந்த மூலப் பிரதி. பவுலின் நிருபங்களை மிகப் பழைய பிரதி ஒன்றைப் பார்த்து எடுத்ததாகப் பிரதியிலேயே குறிப்பு இருக்கிறது. மூலத்திலிருந்து சேர்த்தெழுதிய ஓரக்குறிப்புகளில் ஐரேனியஸ், ஒரிகன், யூசேபியஸ் போன்ற பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் வருகிறார்கள். 379இல் இறந்த ஆயர் பசிலுக்குப் பிந்தியவர் ஒருவரும் இல்லை. ஆகவே அந்த மூலம் 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என அறிஞர்கள் கருதுகிறார்கள். ஓரத்துத் துணுக்குகளையும் விடாமல் எழுதிவைத்த எஃப்ரேமின் பொறுமையால்தான் இது நமக்குத் தெரிகிறது!

மூலப் பத்திரத்திலிருந்து நேற்று எடுத்த ஜெராக்ஸ், நகலின் நகலிலிருந்து முப்பது வருடம் முன்பு எடுத்ததைவிடத் தெளிவாக இருக்குமல்லவா? அதே கதைதான்.

பலர் 1739ஐ ஆண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள்; அது பிரதிகளின் பட்டியலில் இதற்குக் கொடுத்த வரிசை எண் மட்டுமே.