முப்பதுக்கு மேல் ஆட முடியாதா?

கேள்வி: பெண்கள் கால்பந்தில் முப்பது வயதைத் தாண்டினால் ஓரங்கட்டி விடுவார்களாமே, உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: யாராவது இப்படிச் சொன்னால் எனக்கு உடனே ஃபோர்மிகாதான் ஞாபகத்துக்கு வருவார். பிரேசில்காரர். 1978-ல் அவர் பிறந்தபோது அங்கே பெண்கள் கால்பந்து ஆடவே தடை இருந்தது. அடுத்த வருடம்தான் நீங்கியது. 17 வயதில், 1995-ல் முதல் உலகக் கோப்பை. கடைசியாக 2019-ல், 41 வயதில். மொத்தம் ஏழு உலகக் கோப்பைகள், ஏழு ஒலிம்பிக்! ஃபோர்மிகா என்றால் போர்த்துகீசிய மொழியில் எறும்பு. பொருத்தமான பட்டப்பெயர். நடுக்களத்தில் ஓயாமல் ஓடி, எதிராளி காலிலிருந்து பந்தைப் பறித்து, சட்டென்று பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிடுவார். கோல் அடித்தவர் பெயர் பேப்பரில் வரும், பந்தைப் பறித்தவர் பெயர் வராது. அது எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான். 43 வயதில், 2021-ல் பாரிஸ் செயிண்ட் ஜெர்மைன் அணியோடு பிரெஞ்சு லீக் பட்டமும் வென்றார். அப்புறம் அதே வருடம் நவம்பரில் பிரேசிலின் மனௌஸ் நகரில் நாட்டுக்காகக் கடைசி ஆட்டம். எதிரே யார் தெரியுமா? நம் இந்தியா! 6-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் நம் மனீஷா கல்யாண்.